குறைந்த ரீசார்ஜில் வீட்டு இன்டர்நெட்: நெல்லைப் பக்கத்துக்கு ஒரு ஹாட்ஸ்பாட் கணக்கு

ரீசார்ஜ் கடையில் அண்ணாச்சி முதலில் கேட்பது, "எத்தன நாளைக்கு? டெய்லி ஒன்றரையா, ரெண்டா?" என்பதைத்தான். விலைப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது, பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் மொபைல் டேட்டாவை வைத்தே வீட்டு இன்டர்நெட்டை ஓட்ட நினைப்பவர்கள் அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் வர வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடத்துக்கு எந்தக் கம்பெனி டவர் ஒழுங்காக எட்டுகிறது என்பது. அடுத்தது, ஹாட்ஸ்பாட் போட்டதும் உங்களுக்குத் தெரியாமல் டேட்டா எந்த வழியாக ஒழுகுகிறது என்பது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி போதும். சரிசெய்யாவிட்டால் மூன்று ஜிபியும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.

தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கிறது, வீட்டில் நாலு பேர், டிவியும் இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது என்றால் ஃபைபரே போட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு மொபைல் டேட்டா கட்டுப்படியாகாது. இந்தப் பதிவு வேறு ஆட்களுக்கு: பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள், அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள், இன்னும் கேபிள் வந்து சேராத களக்காடு, ராதாபுரம் பக்கத்துச் சிற்றூர்கள், தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள்.

டவரை அளந்து பாருங்கள்

திரையில் தெரிகிற சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு) எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஒரே மேஜையில் இரண்டு போனை வைத்தால் ஒன்று நாலு கோடும் மற்றது இரண்டு கோடும் காட்டும். எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் வலிமை டிபிஎம்மில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலே விவரப் பக்கம் திறக்கும். ஐபோனில் *3001#12345#* டயல் செய்து கால் பட்டனை அழுத்த வேண்டும்.

4ஜியில் நீங்கள் தேடுவது ஆர்எஸ்ஆர்பி என்கிற எண். அது மைனஸில் இருக்கும், மைனஸுக்குப் பின்னால் வருகிற எண் குறையக் குறைய நல்லது. மைனஸ் 85 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் கவலையே இல்லை. மைனஸ் 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110 என்றால் வீடியோ நின்று நின்று ஓடும், போனும் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். மைனஸ் 118ஐத் தாண்டினால் இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறும். இந்த அளவில் 3 டிபி குறைந்தால் சிக்னல் பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் மைனஸ் 108க்கும் மைனஸ் 98க்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அளப்பதற்கு வீடு முழுக்க நடங்கள். தார்சாவில் ஒருமுறை, பட்டாசாலையில் ஒருமுறை, அடுப்பங்கரையில் ஒருமுறை, தட்டட்டியில் (மொட்டை மாடி) ஏறி ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் போனை அசைக்காமல் ஒரு நிமிடம் வையுங்கள், எண் ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வரும். பழைய டவுன் வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் தளம், தகரக் கூரை இவையெல்லாம் சிக்னலை நன்றாகவே மறிக்கும். உள் அறையில் மைனஸ் 112 காட்டுகிற வீட்டிலேயே தெருப்பக்க ஜன்னலில் மைனஸ் 97 கிடைப்பது சாதாரணம். அப்படியானால் கம்பெனியை மாற்ற வேண்டியதே இல்லை. ஹாட்ஸ்பாட் போனை ஜன்னலில் வைத்துவிட்டு நீங்கள் உள்ளே உட்கார்ந்தால் போதும். போனுக்கும் டவருக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கஷ்டம். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு சுவரை வைஃபை தாண்டிவிடும்.

சிக்னல் நிறைய இருந்தும் வேகம் வராத ஊர்களும் உண்டு. அங்கே காரணம் நெரிசல். டவுன், ஜங்ஷன், மேலப்பாளையம் மாதிரி வீடுகள் நெருக்கமான இடங்களில் இரவு 7 மணியிலிருந்து 11 மணி வரை ஒரே டவரை ஆயிரம் பேர் இழுப்பார்கள். ஆகவே வேகத்தைக் காலை 11 மணிக்கு ஒருமுறையும் இரவு 9 மணிக்கு ஒருமுறையும் சோதியுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப் இதற்குப் போதும். இரவு எண்தான் உங்கள் உண்மையான எண். ஒரு எச்சரிக்கை: வேகச் சோதனையே நல்ல வேகத்தில் 100 எம்பிக்கு மேல் தின்றுவிடும், சும்மா சும்மா ஓட்ட வேண்டாம்.

நம் பக்கத்து நிலமும் இதில் விளையாடுகிறது. மேற்கே பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையடிவாரத்தில் இருக்கிற ஊர்களில், டவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று வந்தாலே அந்தப் பக்கம் நிழல் விழுந்துவிடும். அடுத்த தெருவில் நன்றாக இருப்பது உங்கள் தெருவில் சுத்தமாக இருக்காது. தெற்கே ராதாபுரம், திசையன்விளை, உவரிப் பக்கம் நிலம் சமதளம். மறிக்க ஒன்றுமில்லை, ஆனால் டவர் தூரத்தில் நிற்கும். அங்கே உயரம்தான் மருந்து. தரையிலிருந்து தட்டட்டிக்கு ஏறினாலே எண் கணிசமாக மாறும்.

இந்த இடத்தில் பேண்ட் (டவரும் போனும் பேசிக்கொள்கிற அலைவரிசை) விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரைத் துளைக்கும், ஆனால் ஒரே நேரத்தில் நிறையப் பேரைத் தாங்காது. 2300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேகமாக இருக்கும், இரண்டு சுவர் வந்தால் படுத்துவிடும். 1800ம் 2100ம் நடுத்தரம். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300ல் ஓடுகிறது. பிஎஸ்என்எல்லின் புது 4ஜி 700லும் 2100லும் வருகிறது. ஆகவே பழைய போனையோ வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பாக்கெட் ரவுட்டரையோ (சிம் போட்டால் வைஃபை தருகிற சின்னப் பெட்டி) ஹாட்ஸ்பாட்டுக்கு எடுக்கிறவர்கள், அதில் பேண்ட் 28 (அதுதான் 700), பேண்ட் 40 (அதுதான் 2300) இரண்டும் இருக்கிறதா என்று மாடல் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். பேண்ட் 28 இல்லாத கருவியில் பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டுவிட்டு, கிராமத்தில் டவரே இல்லை என்று சொல்வதில் நியாயமில்லை. டவர் இருக்கிறது, கருவியின் காதில் விழவில்லை. பழைய 3ஜி டாங்கிள் பரணில் கிடந்தால் கிடக்கட்டும். ஏர்டெல் 2020லேயே 3ஜியை மூடிவிட்டது.

கம்பெனி மாறுவதென்று முடிவானாலும் உடனே போர்ட் செய்ய (எண் மாறாமல் கம்பெனியை மாற்ற) வேண்டாம். பக்கத்து வீட்டில் யார் எந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் போனை பத்து நிமிடம் உங்கள் ஜன்னலில் வைத்து அளந்து பாருங்கள். கம்பெனிகளின் வலைத்தளங்களில் கவரேஜ் மேப்பும் இருக்கிறது. அது தெருவில் நிற்பவருக்கான படம், உங்கள் உள் அறைக்கானது அல்ல. போர்ட் செய்துவிட்டால் 90 நாள் கழியாமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தாலும் 7 நாள் கழிந்த பிறகுதான் போர்ட் கோட் கிடைக்கும்.

இப்போது பிளான்

28 நாள் பிளான் மாதப் பிளான் அல்ல. வருடத்துக்கு 13 முறை போட வேண்டும். டிராய் உத்தரவுப்படி 2022லிருந்து ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஆனால் கடைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒப்பிடும்போது விலையை நாளால் வகுங்கள், பிறகு மொத்த ஜிபியால் வகுங்கள். 28 நாளைக்கு தினம் ஒன்றரை ஜிபி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42 ஜிபி, ஜிபிக்கு 7 ரூபாய் சொச்சம். தினம் 2 ஜிபி 350 ரூபாய் என்றால் 56 ஜிபி, ஜிபிக்கு ஆறேகால் ரூபாய். பார்க்க இரண்டாவது மலிவு. ஆனால் தினம் ஒரு ஜிபிதான் செலவாகிறது என்றால், மிச்சமெல்லாம் அன்றன்றைக்கே காலாவதி. அப்போது நீங்கள் உண்மையில் கொடுப்பது ஜிபிக்கு 10 ரூபாய் 70 காசும் 12 ரூபாய் 50 காசும். மலிவு எது என்பது அப்படியே தலைகீழாகிவிட்டது.

தினசரிக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. வாரத்தில் ஐந்து நாள் காலேஜ் வைஃபையில் இருந்துவிட்டு சனி, ஞாயிறு மட்டும் லேப்டாப்பில் நாலு மணி நேர வகுப்பு பார்க்கிற பிள்ளைக்குத் தினசரிப் பிளான் நஷ்டம். அவருக்கு நாள் வரம்பு இல்லாத மொத்த டேட்டா பிளான்தான் சரி. கம்பெனி ஆப்பில் தினசரிப் பிளான்களுக்குக் கீழே, கொஞ்சம் தேடினால் கிடைக்கும். டேட்டா டாப்அப் போடுவதற்கு முன் அதன் காலத்தைப் பாருங்கள். சிலது உங்கள் அடிப்படை பிளான் முடியும் வரை நிற்கும், சிலது அன்று ராத்திரியோடு போய்விடும். அடிப்படை பிளான் உயிரோடு இல்லாவிட்டால் பெரும்பாலான டாப்அப் வேலை செய்யாது.

நாள் வரம்பு முடிந்ததும் டேட்டா நிற்பதில்லை, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதாவது நொடிக்கு 8 கேபி. 2 எம்பி போட்டோ ஒன்று இறங்க நாலு நிமிடம். எழுத்து மெசேஜ் போகும், வேறெதற்கும் ஆகாது. ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இணைந்திருந்தால் அந்த 8 கேபியையும் லேப்டாப்பே பின்னணியில் விழுங்கும். அதனால் வரம்பு முடிந்த பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்தால்தான் போனிலாவது மெசேஜ் போகும்.

வீட்டுச் செலவைக் குறைக்க நல்ல வழி ஒன்று 2024 டிசம்பருக்குப் பிறகு திறந்திருக்கிறது. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் தருகிற பிளான்களை வைக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. அப்பா, அம்மா, ஆச்சி என்று வீட்டில் இருக்கிற பெரியவர்களின் எண்ணுக்கு அதைப் போட்டுவிடுங்கள். பேங்க் ஓடிபியும் வரும், பேசவும் செய்யலாம். அவர்களுக்கு வேண்டிய வாட்ஸ்அப்பும் பக்திப் பாட்டும் வீட்டு ஹாட்ஸ்பாட்டில் ஓடட்டும். நாலு போனுக்கும் நாலு டேட்டா பிளான் போட்டு, நாலிலும் பாதி டேட்டா தினம் வீணாவதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டைவிட்டு வெளியே போகும்போது அவர்களுக்கு நெட் இருக்காது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு கண்ணிகள். ஜியோபாரத் போன்ற பட்டன் போன்களுக்கென்று வருகிற குறைந்த விலைப் பிளான்கள் அந்தப் போனில் மட்டும்தான் வேலை செய்யும். சிம்மைக் கழற்றி ரவுட்டரில் போட்டால் நெட் வராது. அடுத்து, "அன்லிமிடெட் 5ஜி". 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஜியோவில் அது தினம் 2 ஜிபி பிளானிலிருந்துதான் தொடங்குகிறது. 5ஜி டவரில் இருக்கும்போது மட்டுமே அது அன்லிமிடெட். போன் வீட்டுக்குள் வந்து 4ஜிக்கு இறங்கியதும் தினசரி வரம்பிலிருந்து கழியும், திரையின் மூலையில் 5 என்பது 4 ஆனதை யாரும் கவனிப்பதில்லை. 5ஜியை நம்பி ஹாட்ஸ்பாட் போடுபவர்கள் போன் வைக்கும் இடத்தை 5ஜி நிலையாக நிற்கிறதா என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஹாட்ஸ்பாட் போடும்போது

லேப்டாப் ஒன்றுதான் என்றால் வைஃபையே வேண்டாம், யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் முடிந்தது. போன் குறைவாகச் சூடாகும், கொஞ்சம் சார்ஜும் ஏறும், பக்கத்து வீட்டு வைஃபை இரைச்சலும் தொந்தரவு செய்யாது. அந்த பட்டன் மங்கி, அழுத்த முடியாமல் இருந்தால் பத்தில் ஒன்பது முறை குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிளில் டேட்டா போகிற கம்பியே இருக்காது. போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

வைஃபை ஹாட்ஸ்பாட்டில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு (இந்த 5 வேறு, 5ஜி வேறு). ஒரே அறையில் என்றால் 5 வேகமானது. நாலைந்து குடும்பம் ஒட்டி இருக்கிற வளவு வீடுகளில் 2.4 முழுக்க ஆளாளுக்கு வைஃபை, அங்கே 5 கட்டாயம் என்றே சொல்வேன். சுவர் தாண்ட வேண்டுமானால் 2.4. பழைய லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் அதற்கு 5 தெரியாது என்று அர்த்தம், 2.4க்கு மாற்றுங்கள். ஐபோனில் இதற்கு மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று பெயர். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் பாதுகாப்பை டபிள்யூபிஏ3யிலிருந்து டபிள்யூபிஏ2வுக்கு இறக்குங்கள். பாஸ்வேர்டு குறைந்தது எட்டு எழுத்து, அதில் உங்கள் போன் நம்பர் வேண்டாம். சிம் உங்கள் பெயரில் இருக்கிறது, அதன் வழியாக யார் என்ன செய்தாலும் விசாரணை உங்களிடம்தான் வரும்.

ஹாட்ஸ்பாட் தானாக அணைந்து போகிறதா? யாரும் இணையாவிட்டால் சில நிமிடத்தில் அணைக்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். பேட்டரி சேவரையும் எடுங்கள். ஹாட்ஸ்பாட் ஆன் ஆகவே மறுத்தால் போனில் டேட்டா சேவர் ஆனில் இருக்கும். ஆண்ட்ராய்டில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. யாராவது கூப்பிட்டதும் நெட் அறுந்து, பேசி முடித்ததும் திரும்ப வருகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, 4ஜியிலேயே கால் பேச வைக்கிற வோல்ட்இ அணைந்திருக்கிறது, கால் வந்ததும் போன் 2ஜிக்கு இறங்குகிறது. இன்னொன்று, கால் வந்தது இரண்டாவது சிம்மில். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் டேட்டா நிற்கும். ஆன்லைன் தேர்வோ நேர்காணலோ இருக்கும் நாளில் இரண்டாவது சிம்மை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

ஒழுகல்

விஷயத்தின் உயிர் இங்கேதான். உங்கள் லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் என்பது ஒரு வைஃபை. வைஃபை என்றாலே அளவில்லாதது என்று நினைத்து, மொபைல் டேட்டாவில் அடக்கமாக இருக்கிற எல்லா வேலையையும் அது அவிழ்த்துவிடும். விண்டோஸ் அப்டேட் ஒன்று உட்கார்ந்தால் உங்கள் ஒன்றரை ஜிபி யானைப் பசிக்குச் சோளப்பொரி.

விண்டோஸில் வைஃபையை இணைத்த பிறகு செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய், இது அளவுள்ள இணைப்பு என்று சொல்கிற மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் நிற்கும், ஒன்டிரைவும் அடங்கும். இந்த செட்டிங் நெட்வொர்க்கின் பெயரோடு ஒட்டியது. ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், மறுபடி ஆன் செய்ய வேண்டும். யூஎஸ்பி டெதரிங் போடுகிறவர்கள் ஈதர்நெட் பக்கத்தில் தனியாக இதைச் செய்ய வேண்டும், வைஃபைக்குச் செய்தது இதற்குப் பொருந்தாது. சில லேப்டாப்பில் வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினாலே புது இணைப்பாக எடுத்துக்கொள்ளும், ஒருமுறை சரிபாருங்கள். கூடவே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) கொடுத்து வையுங்கள், விண்டோஸ் 11ல் ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். ஆனால் அப்டேட்டே செய்யாமல் விடுவது ஆபத்து. ஃபைபர் இருக்கிற நண்பர் வீட்டில் மாதம் ஒருமுறை லேப்டாப்பைக் கொண்டுபோய் முடித்துக்கொண்டு வாருங்கள்.

போனிலிருந்து போனுக்கு ஹாட்ஸ்பாட் என்றால், இரண்டும் ஆண்ட்ராய்டாக இருந்தால் இது அளவுள்ள இணைப்பு என்று நெட்டை வாங்குகிற போனுக்குப் பொதுவாகத் தானாகவே தெரிந்துவிடும். நடுவில் பாக்கெட் ரவுட்டர் வந்தால் தெரியாது. அப்போது வாங்குகிற போனில் வைஃபை பெயரைத் தொட்டு, நெட்வொர்க் யூசேஜில் மீட்டர்டு என்று நீங்களே மாற்ற வேண்டும். ஐபோனில் அதே இடத்தில் லோ டேட்டா மோட்.

பிறகு ஆப்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கம் போய் ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டாவுக்கு மட்டுமல்ல, வைஃபைக்கும் சேர்த்து எடுங்கள். எல்லாரும் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், குடும்ப குரூப்பின் காலை வணக்க வீடியோ முழுக்க ஹாட்ஸ்பாட் வழியாக இறங்குகிறது. கூகுள் போட்டோஸ் பேக்கப், பிளே ஸ்டோர் ஆட்டோ அப்டேட் இரண்டையும் நிறுத்துங்கள். யூடியூப்பில் வீடியோ தரத்தை வைஃபைக்கும் டேட்டா சேவர் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் 480பி வீடியோ ஏறத்தாழ அரை ஜிபி, 720பி ஒரு ஜிபிக்கு மேல். பாடம் நடத்துகிற வீடியோவுக்கு 480 தாராளம், கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரியும். கேமரா போட்டு நடக்கிற குழு வகுப்பு மணிக்கு ஒரு ஜிபி வரை எடுக்கும். உங்கள் கேமராவை அணைத்தால் நீங்கள் அனுப்புகிற பாதி மிச்சம். பெரிய பிடிஎஃப், பழைய வினாத்தாள் மூட்டை எல்லாம் இறக்க வேண்டியிருந்தால் ரயில்டெல் வைஃபை உள்ள ரயில் நிலையத்தில் தினம் முதல் 30 நிமிடம் இலவசம். 1 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் 200 எம்பிக்கு மேல் இறங்கும்.

நிரந்தரமாக ஓட்டுவதென்றால்

தினம் பத்து மணி நேரம் ஹாட்ஸ்பாட் வேண்டும் என்கிறவர்கள் கையில் இருக்கிற போனைக் கொல்ல வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் சார்ஜும் ஹாட்ஸ்பாட்டும் ஒன்றாக ஓடினால் போன் கொதிக்கும், வேகம் இறங்கும், பேட்டரி உப்பும். பழைய போன் ஒன்றை இதற்கென்றே வைக்கலாம், ஆனால் 24 மணி நேரமும் சார்ஜரில் விடக் கூடாது. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் டைமர் பிளக். கவரைக் கழற்றி, வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால் அந்தப் போனை அன்றே ஓரங்கட்டுங்கள். சூடு தணிக்க ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

இதற்குச் சரியான கருவி சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். வாங்குமுன் பார்க்க வேண்டியது: எல்லாக் கம்பெனி சிம்மும் ஏற்குமா (கம்பெனி பெயர் அச்சிட்டவை பெரும்பாலும் ஏற்காது), பேண்ட் 28, 40 உண்டா, வெளியே தெரிகிற ஆன்டெனா கழற்றக்கூடியதா, அது 4ஜிக்கானதா அல்லது வைஃபைக்கு மட்டுமா. சிம் போட்டும் நெட் வரவில்லை என்றால் ஏபிஎன் (கம்பெனி நெட்டுக்குள் நுழைகிற வழியின் பெயர்) பார்க்க வேண்டும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் தட்டட்டியில் டவர் பக்கம் திருப்பிய ஆன்டெனா வைத்து ரவுட்டருக்குக் கேபிள் இறக்கலாம். இரண்டு கேபிள் உள்ளதாக வாங்குங்கள், நீளம் பத்து மீட்டருக்குள் இருக்கட்டும், நீளமான கேபிள் பிடித்த சிக்னலை வழியிலேயே தின்னும். ஆனால் சந்தையில் விற்கிற "சிக்னல் பூஸ்டர்" பெட்டியை அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், பக்கத்துத் தெருவின் சிக்னலையும் கெடுக்கும். தொடவே வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளில் ரவுட்டரும் படுக்கும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், ரவுட்டர் அடாப்டரில் எழுதிய வோல்ட்டும் அதுவும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போனதும் வேகமும் குறைவது இயல்பு. ஃபைபர் வைத்திருந்த தெரு முழுக்க அந்த நேரம் மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடும். இன்னொரு கம்பெனி சிம்மில் நீண்ட கால மலிவுப் பிளான் ஒன்றைக் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரே இரும்புக் கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனா தொங்குவது சகஜம், கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் ஒன்றாகவே போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பல ஊர்களில் எந்த போனும் எடுக்காமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் முக்கியமான எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

தோட்டத்துக்கு சிம் கேமரா வைப்பவர்களுக்கு: 2 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் அனுப்பினால் மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல். எந்த மலிவுப் பிளானும் தாங்காது. பதிவு கேமராவில் உள்ள மெமரி கார்டிலேயே ஆகட்டும், தேவைப்படும்போது மட்டும் திறந்து பாருங்கள், அதுவும் குறைந்த தரத்தில். 512 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 230 எம்பி. மொபைல் சிம்மில் வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய ஐபி முகவரி பொதுவாகக் கிடைக்காது, அதனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர வழி திறப்பது) கேட்கிற பழைய டிவிஆர் பதிவுப் பெட்டிகள் எல்லாம் வேலைக்கு ஆகாது. கம்பெனி ஆப் வழியாகவே பார்க்கிற கேமராவை வாங்குங்கள். மோட்டாரைப் போனிலிருந்து போடுகிற மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் இன்னும் பல 2ஜியில்தான் பேசுகின்றன. ஜியோவில் 2ஜியே கிடையாது. பெட்டியின் மேல் 4ஜி என்று எழுதியிருந்தால் எந்த சிம்மும் போடலாம், 2ஜி அல்லது ஜிஎஸ்எம் என்று மட்டும் இருந்தால் ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் மூன்றில் கிணற்றடியில் எது நன்றாக எட்டுகிறதோ அதைப் போடுங்கள்.